தனியாள் கல்வித் திட்டம்: கையொப்பமிடும் முன் ஒருமுறை வாசிப்போம்

சென்ற வருடம் நோன்புக்கு முந்திய கிழமை. அஸர் தொழுதுவிட்டு மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளியிருக்கும் ஓர் இளம் தாய், கையில் ஒரு பைலுடன் வந்து வாசலில் நின்றாள். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மூத்த மகனுக்கு ஒன்பது வயது. பேச்சும் விளக்கமும் மெதுவாகவே வந்த பிள்ளை. அயலூர்ப் பாடசாலையொன்றின் விசேட கல்வி அலகில் படிக்கிறான்.

"டீச்சர், இதில சைன் வெச்சு நாளைக்குக் குடுத்தனுப்பச் சொன்னாங்க. என்னத்த எழுதியிரிக்காங்க எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். முதற் பக்கத்தில் 'தனியாள் கல்வித் திட்டம்' என்றிருந்தது. உள்ளே, இலக்குகள் என்ற தலைப்பின் கீழ் மூன்று வரிகள்: வாசிப்புத் திறனை விருத்தி செய்தல். எழுத்துத் திறனை மேம்படுத்தல். சமூகத் திறன்களை வளர்த்தல்.

"நல்லாத்தானே எழுதியிரிக்கி?" என்று கேட்டாள்.

பைலுக்குள் முந்திய வருடத்துத் திட்டமும் கிடந்தது. எடுத்து விரித்தேன். அதிலும் அதே மூன்று வரிகள். திகதி மட்டுமே மாறியிருந்தது. கீழே அவளுடைய கையொப்பம்.

அந்தத் தாளை எழுதிய ஆசிரியைமீது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் பதினான்கு வருடங்களுக்கு முன்னர் நானும் அப்படியொரு தாள் எழுதியிருக்கிறேன். பட்டதாரி நியமனம் பெற்றுத் தூரத்துப் பாடசாலையொன்றுக்குப் போன காலம். ஆளணி குறைவு என்று தரம் 5 வகுப்பை என்னிடம் தந்திருந்தார்கள். வாசிக்க முடியாத பெண்பிள்ளை ஒருத்தி அங்கே இருந்தாள். மேற்பார்வைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றதும் முதல் நாள் இரவு இருந்து 'மொழித்திறனை மேம்படுத்தல்' என்று எழுதி முடித்தேன். அவளுடைய உம்மா வாசிக்காமலே ஒப்பமிட்டார். வருடம் முடிந்தது. தன்னுடைய பெயரை முழுதாக எழுதத் தெரியாமலே அந்தப் பிள்ளை தரம் 6க்குப் போனாள்.

அந்த இரண்டு தாள்களும்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தன. சட்டம் படித்தவளாகவோ வைத்தியராகவோ நான் இதை எழுதவில்லை. தமிழ் படித்த ஓர் ஆசிரியைக்கு ஒரு வாக்கியத்தை எப்படி வாசிப்பது என்பது கொஞ்சம் தெரியும். அதைப் பெற்றோருக்குச் சொல்லித் தரலாம் என்றே எழுதுகிறேன்.

திட்டம் என்பது என்ன?

ஆசிரியர்கள் 'ஐ.ஈ.பி.' என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். விசேட தேவையுடைய ஒரு பிள்ளை இப்போது எவற்றைச் செய்கிறது, அடுத்து எதைக் கற்க வேண்டும், அதற்கு யார் என்ன உதவி செய்வார்கள், கற்றுக்கொண்டதா என்பதை எப்படி அறிவது ஆகிய நான்கு கேள்விகளுக்குமான பதில் அதில் இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் இயற்றப்பட்ட ஒரு கல்விச் சட்டத்தினூடாகப் பரவலானது. அங்கே அது சட்டப்படியான ஆவணம். திட்டத்தைத் தயாரிக்கும் குழுவில் பெற்றோரும் அங்கத்தவர்கள். ஆண்டுக்கு ஒரு தடவையாவது அதை மீளாய்வு செய்தாக வேண்டும். உடன்பாடு இல்லையென்றால் பெற்றோர் முறையிடுவதற்கும் வழியுண்டு. நம் நாட்டில் இந்தத் தாளுக்கு அந்தளவு சட்டப்பலம் கிடையாது.

அதற்காகப் பெற்றோர் வெறுங்கையுடன் நிற்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுத்துப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை, பிள்ளைக்குப் பிள்ளை தனித்தனியான உதவி ஏற்பாடு வேண்டும் என்பதைப் பேசுகிறது. 5 வயது முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி என்ற ஒழுங்குவிதியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதுதான்.

ஆனாலும் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பாடசாலைக்குப் போவது முதல் வேலையாக இருக்க வேண்டியதில்லை. நாளைக்குக் காலையில் நம்முடைய பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைக்கப்போகிறவர் அந்த ஆசிரியர்தான். அவரோடு உட்கார்ந்து கதைப்பதற்கு இந்தத் திட்டம் நல்லதொரு காரணம்.

இரண்டு தப்பெண்ணங்களை இங்கேயே நீக்கிவிடலாம். ஒன்று, விசேட கல்வி அலகில் இருக்கும் பிள்ளைக்கு மாத்திரமே இது உரியது என்பது. சாதாரண வகுப்பில் படிக்கும், காது குறைவாகக் கேட்கும் பிள்ளைக்கும், வாசிப்பில் மாத்திரம் இடர்ப்படும் பிள்ளைக்கும் இப்படியொரு திட்டம் எழுதலாம். மற்றது, வைத்திய அறிக்கை இருந்தால் திட்டம் தேவையில்லை என்பது. பிள்ளைக்கு என்ன நிலைமை என்பதை வைத்தியர் எழுதுவார். திங்கட்கிழமை காலையில் அந்தப் பிள்ளைக்கு எதைப் படிப்பிப்பது என்பதை அவர் எழுத மாட்டார். அது இந்தத் தாளில்தான் வர வேண்டும்.

'தல்' என்று முடியும் வரிகள்

மேம்படுத்தல், வளர்த்தல், விருத்தி செய்தல் என்பவையெல்லாம் தொழிற்பெயர்கள். செயலின் பெயரை மட்டும் சொல்பவை. அவை காலம் காட்டுவதில்லை, செய்கிறவரையும் சொல்வதில்லை. 'வாசிப்புத் திறனை விருத்தி செய்தல்' என்றால் யார் செய்வது? பிள்ளையா, டீச்சரா, உம்மாவா? எப்போது? இந்தத் தவணையா, அடுத்த வருடமா? அந்த வரியில் பதில் இல்லை. அலுவலகத் தமிழுக்கு இது பழகிப்போன நடை. எழுதுகிறவருக்கு வசதியும்கூட, ஏனென்றால் நாளைக்கு யாரும் வந்து கேள்வி கேட்க முடியாது.

உயர்தர வகுப்பில் நன்னூல் படிப்பிக்கும்போது, வினை என்பது ஆறு விடயங்களைத் தர வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். பரீட்சைக்காக மனனம் செய்த அந்த இலக்கணம் இவ்வளவு பயன்படும் என்று நான் நினைத்திருக்கவில்லை. திட்டத்தில் உள்ள ஒவ்வோர் இலக்கையும் அந்த ஆறு கேள்விகளாலும் கேட்டுப் பாருங்கள்.

செய்கிறவர் யார்? பிள்ளை செய்வது எது, ஆசிரியர் செய்வது எது, வீட்டார் செய்வது எது என்று தனித்தனியே இருக்க வேண்டும்.

எதைக் கொண்டு? பெரிய எழுத்து அட்டை, படம், புளியங்கொட்டை, காது கேட்கும் கருவி எனக் கருவியின் பெயர் வர வேண்டும்.

எங்கே? விசேட கல்வி அலகிலா, சாதாரண வகுப்பிலா, வீட்டிலா?

என்ன செயல்? கண்ணால் காணக்கூடிய, காதால் கேட்கக்கூடிய வினையாக இருக்க வேண்டும். 'விளங்கிக்கொள்ளல்' என்பதை யாராலும் காண முடியாது. 'சுட்டிக்காட்டுவான்', 'எடுத்துத் தருவான்', 'வாய்விட்டு வாசிப்பான்' என்பவற்றைக் காணலாம்.

எப்போது? எந்தத் தவணை முடிவதற்குள்? இடையில் எத்தனை நாளுக்கொரு தடவை பார்ப்பார்கள்?

எதன்மீது? எந்த எழுத்துகள், எந்தச் சொற்கள், எத்தனை வரையான எண்கள்?

இவற்றோடு ஏழாவதாக ஒன்றை நான் சேர்த்துக்கொள்வேன். அளவு. பத்துக்கு எத்தனை? உதவியோடா, உதவி இல்லாமலா?

ஒரு வரியைத் திருத்தி எழுதினோம்

அன்று பின்னேரம் அந்தத் தாயிடம் கேட்டேன். "மகனுக்கு எழுத்துத் தெரியுமா?"

"ஒண்டும் தெரியா டீச்சர்."

"கடைக்குக் கூட்டிட்டுப் போனா என்ன செய்வான்?"

"பிஸ்கட் பக்கட்டக் கண்டா பேர் சொல்லுவான். பஸ்ஸில அக்கரைப்பற்று எண்டு போட்டிருந்தா, இதான் எங்கட பஸ் எண்டு கையைக் காட்டுவான். மத்த பஸ்ஸுக்குக் காட்ட மாட்டான்."

சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் யோசித்தாள். ஒன்றுமே தெரியாத பிள்ளை இல்லை அவன். தனி எழுத்தைப் பிரித்துச் சொல்லாவிட்டாலும், சில சொற்களை முழு உருவமாக அடையாளம் காண்கிறான். திட்டத்தில் 'தற்போதைய நிலை' என்ற பகுதியில் எழுத வேண்டியது இதுதான். அங்கே 'வாசிக்கத் தெரியாது' என்று இரண்டு சொல்லில் முடித்திருந்தார்கள். தெரியாததை மட்டும் எழுதினால் எங்கிருந்து தொடங்குவது என்பது ஒருவருக்கும் விளங்காது.

பிறகு இலக்கை இப்படி மாற்றி எழுதினோம்: 'இரண்டாம் தவணை முடிவதற்குள், படம் இல்லாத 20 சொல்லட்டைகளில் 15ஐ, விசேட கல்வி அலகில், உதவியின்றி வாய்விட்டு வாசிப்பான். சொற்கள் அவன் வீட்டிலும் கடையிலும் வீதியிலும் தினமும் காண்பவையாக இருக்கும். ஆசிரியை கிழமையில் நான்கு நாள் பத்து நிமிடம் பயிற்சி கொடுப்பார். இரவில் உம்மா ஐந்து அட்டைகளைக் காட்டுவார். வியாழக்கிழமைதோறும் எத்தனை சொல் என்று ஆசிரியை குறித்து வைப்பார்.'

நீண்ட வரிதான். ஆனால் தவணை முடிவில் 'பதினைந்தில் எத்தனை?' என்று கேட்கலாம். 'ஆறு' என்று பதில் வந்தாலும் பரவாயில்லை. அட்டைகளைக் குறைப்பதா, படத்தோடு தொடங்குவதா, நேரத்தை மாற்றுவதா என்று யோசிக்க அந்த ஆறு என்ற எண் இடம் தருகிறது. 'விருத்தி செய்தல்' என்ற வரியை வைத்துக்கொண்டு எதையும் யோசிக்க முடியாது.

வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும்

எங்கள் பிள்ளைகள் விடயத்தில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. படத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்கும் பரீட்சிப்புகளில், நம் வீட்டுப் பிள்ளை 'ஆணம்' என்று சொல்லும். கேட்கிறவரின் தாளில் 'குழம்பு' என்றிருந்தால் பிழை போடப்படலாம். 'முட்டை' என்பதை 'முட்ட' என்று சொல்வது நமக்கெல்லாம் இயல்பான பேச்சு. அதை உச்சரிப்புக் குறைபாடாக எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். சிகிச்சையாளர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருந்து, இடையில் ஒருவர் மொழிபெயர்த்தால் இன்னும் சிக்கல்.

ஆகவே திட்டத்தில் 'சொல்வளம் குறைவு' என்று எழுதியிருந்தால், எந்தச் சொற்களைக் கேட்டீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். பிள்ளை வீட்டில் பேசும் சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 'வாப்பா', 'மூத்தம்மா', 'ஆணம்' எல்லாம் அதில் வரட்டும். தெரிந்த சொல்லில் தொடங்கிய பிள்ளை புத்தகச் சொல்லுக்குப் பிறகு வரும். நானும் உம்மாவின் தமிழில் இருந்துதான் நன்னூலுக்குப் போனேன்.

கூட்டத்துக்குப் போகுமுன்

பிறந்தபோது தரப்பட்ட பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைத் தேடி எடுத்து வையுங்கள். எந்த வயதில் இருந்தது, நடந்தது, பேசியது என்ற விபரம் அதில் கிடைக்கும். கிளினிக் புத்தகம், வைத்திய அறிக்கைகள் எல்லாவற்றுக்கும் போட்டோ கொப்பி எடுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

காதும் கண்ணும் பரிசோதிக்கப்பட்டனவா என்று பாருங்கள். 'மந்தம்' என்று பின்வாங்கில் ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குக் காது கேட்பதில் குறை இருந்ததைப் பிந்திக் கண்டுபிடித்த சந்தர்ப்பம் என் வகுப்பிலேயே நடந்திருக்கிறது.

ஒரு பக்கத்தில் நான்கு விடயங்களை எழுதுங்கள். பிள்ளை எதைச் செய்யும்? எதில் விருப்பம்? எது அவனைக் குழப்பும்? வீட்டில் எந்த முறை பலித்தது? எழுத ஏலாதவர்கள் கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளி எடுக்கலாம். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை வீட்டில் தங்கச்சியோடு விளையாடும்போது கதைப்பதைக் கண்டால் ஆசிரியருக்கும் அது புதிய செய்தியாக இருக்கும்.

தனியே போகாதீர்கள். வாப்பா வெளிநாட்டில் என்றால் நானாவையோ ராத்தாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் கதைக்க, மற்றவர் எழுதட்டும்.

கூட்டத்திலும் அதற்குப் பிறகும்

முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பிறகு அந்த ஏழு கேள்விகள். இலக்குகள் பத்து இருக்க வேண்டியதில்லை. ஒரு தவணைக்கு இரண்டு மூன்று போதும். காலைக் கூட்டம், இடைவேளை, விளையாட்டு, சித்திரம் ஆகியவற்றில் மற்றப் பிள்ளைகளோடு இருக்க இடமுண்டா என்றும் கேளுங்கள்.

அங்கேயே கையொப்பமிட வேண்டிய அவசரம் இல்லை. "வீட்ட கொண்டுபோய் வாசிச்சிட்டு நாளைக்குத் தாறன் சேர்" என்று மரியாதையாகச் சொல்லலாம். ஒப்பமிட்ட பிறகு ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அடுத்து எப்போது கூடிப் பார்ப்பது என்ற திகதியையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

திட்டமே எழுதப்படவில்லை, அல்லது உங்களைக் கூப்பிடவில்லை என்றால் அதிபருக்கு ஒரு சிறு கடிதம் போதும்: 'தங்கள் பாடசாலையில் கற்கும் எனது மகனுக்கான தனியாள் கல்வித் திட்டத்தைத் தயாரிக்கும்போது என்னையும் அழைக்குமாறும், அதன் பிரதியொன்றைத் தந்துதவுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' பெயர், தரம், திகதி. கடிதத்தின் பிரதி உங்களிடம் இருக்கட்டும். பதில் வராவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்திக்கலாம். வாய்ச்சண்டையை விட அந்தப் பிரதி அங்கே கூடுதலாக உதவும்.

பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சொல். விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம், சொல்வதைக் கேட்டு எழுதும் உதவியாளர், பெரிய எழுத்து வினாத்தாள் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் வழங்குகிறது. அதிபரின் ஊடாக, வைத்திய அறிக்கையோடு நேரகாலத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். வகுப்பில் அந்த உதவியோடு ஏற்கெனவே படித்து வந்த பிள்ளைதான் பரீட்சை மண்டபத்திலும் அதைச் சரியாகப் பயன்படுத்தும். ஆகவே அது திட்டத்திலும் முன்கூட்டியே இடம்பெற வேண்டும்.

சொல்லாமல் விடக் கூடாதவை

திட்டம் நன்றாக எழுதப்பட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். விசேட கல்வியில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதாது. தமிழில் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் மிகவும் குறைவு. ஒரு கிளினிக் திகதிக்காகச் சுபஹுக்கு முன் எழும்பிப் பஸ் ஏறி, மஃரிபுக்கு வீடு வந்து சேரும் தாய்மாரை நான் அறிவேன்.

எங்கள் பக்கத்திலும் தடை இருக்கிறது. 'விசேட கல்வி' என்ற பெயர் வெளியில் போனால் ராத்தாவின் கல்யாணப் பேச்சு குழம்பிவிடும் என்று பிள்ளையைப் பின்வாங்கிலேயே இருத்தி வைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் பின்வாங்கில் கழியும் வருடங்கள் பிள்ளையின் கணக்கில்தான் சேர்கின்றன. பைலைப் பத்திரமாக வைப்பது நம் கையில் இருக்கிறது. அதைத் திறக்காமலே இருப்பதால் ஒருவருக்கும் நன்மை இல்லை.

அந்தத் தாய் அன்று ஒப்பமிடவில்லை. மறுநாள் நாங்கள் எழுதிய தாளைக் கொண்டுபோனாள். ஆசிரியையின் முகம் முதலில் மாறியதாம். "இத ஆரு எழுதித் தந்த?" என்று கேட்டாராம். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருக்கச் சொல்லியிருக்கிறார். அந்த அலகில் பதினொரு பிள்ளைகள், வெவ்வேறு வயது, வெவ்வேறு தேவை. ஆசிரியை ஒருவர்தான். எல்லாவற்றையும் தன்னால் செய்ய ஏலாது என்றும், வாசிப்பு இலக்கை மட்டும் இப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். அட்டைகளை இவளே வெட்டி எழுதிக் கொடுத்தாள்.

இரண்டாம் தவணை முடிந்த அன்று வந்தாள். "ஒன்பது டீச்சர்" என்றாள். அந்த ஒன்பதில் 'வாப்பா' இருந்தது. கட்டாருக்கு அழைப்பெடுத்து அட்டையைக் காட்டி வாசித்தானாம். அடுத்த தவணைக்கு அந்த ஆசிரியை தானே கூப்பிட்டுக் கதைத்து, எண்களுக்கும் இதே மாதிரி ஓர் இலக்கு எழுதியிருக்கிறார்.

என்னுடைய பழைய மாணவியைச் சில மாதங்களுக்கு முன் பிரதேச செயலகத்தில் கண்டேன். தரம் 8உடன் படிப்பை விட்டவள். இப்போது ஒரு பிள்ளையின் தாய். என்னைக் கண்டதும் "டீச்சர்" என்று சிரித்துக்கொண்டு ஓடி வந்தாள். பிறகு அவளுடைய முறை வந்தது. படிவத்தில் பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள். அவளுடைய திட்டத்தில் நான் எழுதிய வரியை இனித் திருத்த ஏலாது.

இதை வாசிக்கும் பெற்றோரிடம் நான் கேட்பது, அடுத்த முறை அந்தத் தாள் வீட்டுக்கு வரும்போது ஓர் இரவு அதை வைத்திருந்து வாசியுங்கள் என்பதுதான். ஆசிரிய நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அலுமாரியில் இருக்கும் பைல்களில் ஒன்றை எடுத்து, 'தல்' என்று முடியும் ஒரு வரியை மட்டும் வினைமுற்றோடு திருத்தி எழுதிப் பாருங்கள்.